காணா நட்பும் கைப்பேசியும்

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் முகங்காணாமலே நண்பராயினர். 785ஆம் குறளின் உரையிற் பரிமேலழகர் இவர்களையே சான்றாகக் காட்டினார். முகநூல், புலனம் வழியே எங்கெங்கோ உள்ளோர் நட்புப் பூணும் இந்நாளில், அந்நட்புக்கும் இச்சான்றே போதும் எனக் கொள்வது எளிது. ஆயின், அது பாதியுண்மையே.

உணர்ச்சியொத்த நட்பு உடன் உயிர் நீங்கும் உரிமையளவும் செல்லும் என்கின்றது அவ்வுரை. புறநானூறு 215இல் சோழன் நண்பரை அளக்கும் கோல் யாது? செல்வக் காலத்தில் வாராவிடினும் அல்லற் காலத்தில் வருவார் என்பதே. 216இல், தான் வடக்கிருக்கும் இடத்தில் அவர்க்கும் இடம் விடச் சொல்கின்றான். அவ்வாறே பிசிராந்தையார் வந்தார். 217இல் பொத்தியார் வியந்தார்.

ஜொகூர் மக்கள் இதனைப் பட்டறிந்தவர்கள். 2020 மார்ச் 18இல் கோவிட் தொற்றால் கடற்பாலம் அடைபட்டபோது, சிங்கப்பூரில் தங்கி உழைத்தோர் பலர் குடும்பத்தைத் திரையிலேதான் கண்டனர். பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், பிரிவோ ஈராண்டு. 2022 ஏப்ரல் 1 நள்ளிரவில் வழி திறந்ததும் பலர் விடியும்வரையுங் காத்திராது கடந்தனர். திரை போதுமாயின் அவ்விரைவு எதற்கு?

67ஆம் பாட்டிற் பிசிராந்தையார் விளித்த அன்னச்சேவலே இன்றைய கைப்பேசி. அது தூது, வருகை அன்று. வகுப்பில் 67ஐக் கற்பிப்போர் 216ஐ விடுதல் ஆகாது.