கோட்டு போட்டால்தான் செய்தியா?

ஆசிரியர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே,

‘தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் ஆண்கள் இன்னும் எளிமையாக உடுத்தலாமா?’ விவாதக் கட்டுரைக்கு நல்ல தலைப்பு. ஆனால், வழக்கமாக எழுதப்படும் இரண்டு பதில்களுமே பலவீனமானவை.

முதல் பதில்: “நம்ம ஊர் வெயிலுக்குக் கோட்டு எதற்கு?” பினாங்கில் பகல் வெப்பம் 31, 32 பாகையைத் தொடுவது உண்மைதான். ஆனால் செய்தி வாசிப்பவர் உட்கார்ந்திருப்பது குளிரூட்டப்பட்ட அறையில். எதிரணி ஒரே வரியில் உங்களை மடக்கிவிடும்.

இரண்டாவது பதில்: “கோட்டும் டையும் இருந்தால்தான் செய்தியை நம்புவார்கள்.” 2017 நவம்பரில் பினாங்கைச் சூழ்ந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட நேரத்தில் தண்ணீரில் நின்று பேசும் நிருபரிடம் யாராவது கோட்டைத் தேடுவோமா? மழைச்சட்டையில் பேசினாலும் நம்புகிறோம். ஏன்னு கேட்டா, அவர் நேரில் பார்த்ததைச் சொல்கிறார்.

அப்படியானால் கோட்டுக்கு என்னதான் வேலை? ஆஸ்திரேலியாவின் காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் கார்ல் ஸ்டெஃபனோவிக் ஏறக்குறைய ஓராண்டு ஒரே நீலக் கோட்டில் திரையில் வந்தார். 2014இல் அவரே சொல்லும்வரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. உடன் பணியாற்றிய பெண்களின் உடையை மட்டும் மக்கள் ஓயாமல் விமர்சித்தார்கள். அதைச் சுட்டிக்காட்டத்தான் அவர் அப்படிச் செய்தார். கோட்டின் பலம் இதுதான்: பார்ப்பவரின் கவனத்தை அது இழுப்பதில்லை. கோட்டை ஆதரித்து எழுதுபவர்கள் இந்த வாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தப் பலம் பழக்கத்தால் வந்தது. வேறு உடையையும் பழக்கிக்கொள்ளலாமே? நம் நாட்டு அரசு விருந்துகளுக்கு நீண்ட கை பாத்தேக் சட்டை முறையான உடை. அதே 2014இல் சென்னையில், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை ஒரு கிரிக்கெட் மன்றத்தில் உள்ளே விடவில்லை. அவ்வாண்டே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அத்தகைய உடைத் தடைகளை நீக்கிச் சட்டம் இயற்றியது. ‘முறையான உடை’ எது என்பது மாறக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஆகவே என் கருத்து இது: மரணச் செய்தியை டீ-சட்டையில் வாசிக்கக் கூடாது. கண்ணியம் குறையவே வேண்டாம். பாத்தேக்கும், கழுத்துப் பட்டியுள்ள வெள்ளைச் சட்டையும், வேட்டியும் அந்தக் கண்ணியத்துக்குள் அடங்கட்டும். தீபாவளிக்கு மட்டும் ஜிப்பா, மற்ற நாளெல்லாம் கோட்டு என்று தமிழ்ச் செய்தி சொல்லிக்கொண்டே இருந்தால், பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? நம்ம உடை கொண்டாட்டத்துக்குத்தான், முக்கியமான காரியத்துக்கு ஆகாது என்றுதானே?

இது வகுப்பறைக்கும் வருகிறது. செய்தி வாசிப்புப் போட்டி என்றதும் பையன்கள் கோட்டு இரவல் தேடுகிறார்கள். கிடைக்காதவன் பெயர் கொடுக்கவே தயங்குகிறான். அவனுக்கு ஒருவேளை ழகரம் சுத்தமாக வரும். நாம் அதைக் கேட்காமலே போய்விடுவோம்.

ஆசிரியர்களே, அடுத்த போட்டிக்கு மதிப்பெண் தாள் தயாரிக்கும்போது ‘உடை’ என்ற கட்டத்தில் ‘சுத்தமாக, நேர்த்தியாக’ என்று மட்டும் எழுதுங்கள். மிச்ச மதிப்பெண்ணை உச்சரிப்புக்குக் கொடுங்கள்.