நீல ரிப்பனைத் தேடாதீர்கள்

கலிபோர்னியாவின் பிளசன்டனிலும் அதன் அண்டை ஊர்களாகிய டப்ளின், சான் ரமோன், லிவர்மோர் முதலியவற்றிலும் வாழும் நம்மவர்கள், ஆண்டுதோறும் ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரையில் நடக்கும் அலமேடா கவுன்டி கண்காட்சிக்குப் போகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. போய் எதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பதில்தான் மனத்தாங்கல். ராட்டினத்தில் ஏறுகிறார்கள், பன்றிக் குட்டிகளின் ஓட்டப் பந்தயத்தைக் கண்டு குழந்தைகளோடு தாமும் கைகொட்டுகிறார்கள், குச்சியில் செருகிப் பொரித்த ஏதோ ஒன்றை ஒரு கையிலும் எலுமிச்சைச் சாற்றை மறு கையிலும் ஏந்திக்கொண்டு, வெயில் பொறுக்கமாட்டாமல் குளிர்ச்சியான ஒரு மண்டபத்துக்குள் நுழைகிறார்கள். அங்கே மேஜைகளின் மேல், பத்து வயதும் பதினைந்து வயதும் ஆன பிள்ளைகள் தங்கள் கையால் வளர்த்துக் கொணர்ந்த தக்காளியும் வெங்காயமும் ரோஜாவும் தட்டுகளிலும் குப்பிகளிலும் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்கள் அவற்றின் ஊடே காற்று வாங்கிக்கொண்டே நடந்து, மறுவாசல் வழியாக வெளியேறி, "நம்ம தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரிதான், டெல்லி அப்பளம்தான் இல்லை" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.

காய்கறியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். 1896ஆம் ஆண்டு தொடங்கிய உதகை மலர்க் காட்சிக்கு மே மாதத்தில் முண்டியடித்துக்கொண்டு போனவர்கள் நாம். 1835ஆம் ஆண்டிலேயே சென்னையில் விவசாய தோட்டக்கலைச் சங்கம் என்று ஒன்று ஏற்பட்டது. ஆகையால் செடி பார்ப்பது நமக்குப் பழகாத வித்தை என்று சொல்லித் தப்ப முடியாது. பிளசன்டன் கண்காட்சியோ 1912இல் தொடங்கியது. அது நடக்கும் திடலில் உள்ள ஒரு மைல் குதிரைப் பந்தயப் பாதை 1858இல் போடப்பட்டது. பிள்ளைகளின் பிரிவுக்குப் பின்னாலும் ஒரு சரித்திரம் உண்டு. 1902இல் ஒஹையோ மாநிலத்தில் ஏ. பி. கிரகாம் என்ற பள்ளி அதிகாரி, சிறுவர் சிறுமியரைச் சேர்த்து ஒரு விவசாய மன்றம் அமைத்தார். பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்துச் சொன்ன புது முறைகளைப் பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ளாத காலம் அது. பிள்ளைகள் அவற்றைத் தங்கள் பாத்தியில் செய்து காட்ட, அப்பன்மார்கள் வேலிக்கு இப்பாலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அத்தகைய மன்றங்களே பின்னர் தலை, இதயம், கை, ஆரோக்கியம் ஆகிய நான்கையும் இலச்சினையாகக் கொண்ட 'ஃபோர் எச்' இயக்கமாக வளர்ந்தன. 1914ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதைப் பல்கலைக்கழக விரிவாக்கப் பணியோடு இணைத்தது. கலிபோர்னியாவில் இன்றும் அதை நடத்துவது கலிபோர்னியாப் பல்கலைக்கழகம்தான். மண்டபத்து மேஜையை வெறும் குழந்தை விளையாட்டாக நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இனி அடிப்படைகள், இவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் போங்கள், பிற்பகலில் கூட்டமும் வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு பொருளின் அருகிலும் உள்ள சீட்டில் பிரிவு, வகை, வயது ஆகியவற்றை முதலில் படியுங்கள். இந்த நாட்டில் நீல ரிப்பன் முதலாவது, சிவப்பு இரண்டாவது, வெள்ளை மூன்றாவது. இங்கிலாந்தில் சிவப்பே முதலாவது என்பதால் அங்கிருந்து வந்தவர்கள் குழம்ப வேண்டாம். இளையோர் பிரிவில் பல கண்காட்சிகள் டென்மார்க் முறை என்ற ஒன்றைக் கையாளுகின்றன. அதன்படி ஒரு பிள்ளையின் தக்காளி அடுத்த பிள்ளையின் தக்காளியோடு ஒப்பிடப்படுவதில்லை. நல்ல தக்காளிக்கு உரிய லட்சணங்களோடுதான் ஒப்பிடப்படுகிறது. எனவே ஒரே வகையில் நான்கு நீல ரிப்பன்கள் தொங்கலாம். ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். "எல்லாருக்கும் பரிசு கொடுத்துக் குழந்தைகளைக் கெடுக்கிறார்கள்" என்று இதைப் பரிகசிக்கும் மேதாவிகளுக்கு நான் சொல்வது: அடுத்தவனைத் தோற்கடித்தால் போதும் என்ற போட்டியைவிட, தோற்கடிக்கவே முடியாத ஓர் இலக்கணத்தின் முன் நிற்பது கடினம். அடிப்படை இவ்வளவே.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த மண்டபத்தை ரசிக்க விரும்புகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய பேதம் ஒன்றே ஒன்று. மற்றவை யாவும் அதன் பின்னே வரும். குறைகள் இரண்டு வகை. ஒன்று விளைவுக் குறை. மற்றொன்று வைப்புக் குறை. முன்னது பாத்தியில் பிறந்தது. பின்னது பறித்த பிறகு கையில் பிறந்தது. நடுவர் இரண்டுக்கும் மதிப்பெண் குறைப்பார். அது அவர் கடமை. பார்க்கிறவர் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டாரானால் அவர் பார்த்தது காய்கறிக் கடையே ஒழியக் கண்காட்சி அன்று.

விளைவுக் குறை ஒவ்வொன்றிலும் ஒரு தேதி எழுதியிருக்கிறது. தக்காளியின் அடிப்பக்கம் முறுக்கிப் பின்னித் தழும்பேறியிருந்தால், அது பூவாக இருந்த நாட்களில் இரவுக் குளிர் தாக்கியிருக்கிறது என்று பொருள். பூ பழமாகப் பழுக்க ஆறு ஏழு வாரம் செல்லும். ஆகவே ஜூன் கடைசியில் தட்டிலிருக்கும் அந்தத் தழும்பு, பகலெல்லாம் வெயில் காய்ந்தும் இரவில் வளைகுடாக் காற்று வந்து குளிர்விக்கும் பிளசன்டனின் மே மாதத்து இரவு ஒன்றைக் குறிக்கிறது. அடி கறுத்து அழுந்தியிருந்தால், நீர்ப்பாய்ச்சல் சீராக இல்லாமையால் சுண்ணாம்புச் சத்துப் பழத்தின் நுனிவரை போய்ச் சேரவில்லை. ஒரு பக்கம் மட்டும் காகிதம்போல் வெளுத்திருந்தால், அளவுக்கு மீறி இலையைக் கிள்ளி வெயிலுக்கு வழிவிட்டிருக்கிறார்கள். சுக்கினிக் காய் நுனியில் சூம்பியிருந்தால் மகரந்தச் சேர்க்கை போதவில்லை. அந்தக் காய் பூவிலிருந்து ஒரு வாரத்துக்குள் வளர்வதாகையால், சென்ற வாரம் அந்தத் தோட்டத்துப் பக்கம் தேனீக்கள் சரியாக வரவில்லை என்பது வரைக்கும் அதில் படிக்கலாம்.

வைப்புக் குறையோ வேறு ஜாதி. ஐந்து கேட்ட இடத்தில் ஆறு வைப்பது. ஐந்தில் நான்கு பழுத்து ஒன்று செங்காயாக இருப்பது. வெங்காயத்தின் மேல்தோலை அழகாக்குவதாக எண்ணி உரித்து உரித்துப் பச்சை உடம்பைக் காட்டிவிடுவது. காரட்டைத் துடைக்க வேண்டிய இடத்தில் தேய்த்துக் கீறுவது. இவற்றுள் மிக நுட்பமான ஒன்றைச் சொல்கிறேன். லூதர் பர்பாங்க் என்ற மேதை 1906இல் வெளியிட்ட 'சான்டா ரோசா' என்ற பிளம் பழம், கண்காட்சிப் பருவத்தில்தான் இங்கே பழுக்கும். அதன் ஊதாத் தோலின் மேல், நீற்றுப் பூசணியின் மேல் பூத்திருக்குமே, அதைப்போன்ற ஒரு மெல்லிய சாம்பல் பூத்திருக்கும். நல்ல பிள்ளை அதைக் காம்பைப் பிடித்தே பறித்துக் காம்பைப் பிடித்தே வைக்கும். அவசரக்காரப் பிள்ளையின் பழத்தில் கட்டைவிரல் பட்ட இடம் பளபளவென்று மின்னும். நன்றாக மினுக்கி வைத்த பழத்தைப் பார்த்து "எவ்வளவு சுத்தம்!" என்று வியக்கிற பெரியவர்களைக் கண்டால் எனக்கு மண்டபத்தை விட்டே ஓடிவிடத் தோன்றும்.

ரோஜாவில் இந்த இரண்டு குறைகளும் ஒரே காம்பில் சந்திக்கின்றன. இதழ் ஓரம் பழுப்பேறியிருந்தால் அது இலைப்பேன் செய்த வேலை, விளைவுக் குறை. மலர் பாதியோ முக்காலோ விரிந்து, நடு மட்டும் கூராக உயர்ந்து நிற்க வேண்டிய நேரத்தில் முழுதும் மலர்ந்து நடுவைக் காட்டினால், வெட்டிய நேரம் தவறிவிட்டது, வைப்புக் குறை. ஆனால் இன்னொன்று உண்டு: ஒற்றை மலராக வளர்க்கும் ரோஜாவில் பக்க மொட்டுகளைச் சிறிதாக இருக்கும்போதே கிள்ளிவிடுவார்கள். உரிய காலத்தில் கிள்ளினால் வடு ஆறி மறைந்துபோம். பிந்திக் கிள்ளினால் கறுத்த கட்டை ஒன்று காம்பில் நிற்கும். அதை எந்த வகையில் சேர்ப்பது? பாத்தியில் நிகழ்ந்ததாகையால் விளைவா, கையால் நிகழ்ந்ததாகையால் வைப்பா? நான் அதை வைப்புக் குறை என்றே கொள்கிறேன். கை செய்த பிழை எங்கே நிகழ்ந்தாலும் கையின் பிழைதான். இதற்கு மாறான அபிப்பிராயம் உள்ளவர்கள் இருக்கலாம். அவர்களோடு ஒரு மாலைப் பொழுது முழுவதும் வாதாடச் சித்தமாக இருக்கிறேன்.

இந்தப் பேதத்தால் பயன் என்ன என்று கேட்பீர்கள். பயன் இதுதான்: நீல ரிப்பன் பெற்ற தட்டு பெரும்பாலும் மௌனமாக இருக்கும். அதில் எல்லாம் சரியாக நடந்திருப்பதால் சொல்வதற்குக் கதை குறைவு. சிவப்பு ரிப்பன் பெற்ற தட்டுதான் பேசும். ஒரு பிள்ளையின் மூன்று மாதத்துச் சிரத்தையும், இடையே ஒரு நாள் வந்த அசிரத்தையும், வானம் செய்த உபகாரமும் அபகாரமும் அதில்தான் துலக்கமாகத் தெரியும். ஆகையால் மண்டபத்துக்குள் நுழைந்ததும் நீலத்தைத் தேடாதீர்கள், சிவப்பைத் தேடுங்கள்.

ஒருமுறை அங்கே திருவையாற்றுப் பக்கத்திலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த ஒரு மூதாட்டி, சிவப்பு ரிப்பன் தட்டு ஒன்றின் முன் நின்றுவிட்டார். கூட இருந்த பேரன், "பாட்டி, இதுக்கு ஏன் ஃபர்ஸ்ட் பிரைஸ் குடுக்கல?" என்று கேட்டான். "காம்பைச் சுத்தி வளையமா வெடிச்சிருக்கு பாரு கண்ணா. நாலஞ்சு நாள் காயப் போட்டுட்டு, அப்புறம் பயந்துபோய் ஒரேயடியா தண்ணி விட்டிருக்கான். பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சோல்லியோ, எங்கேயாவது ஊருக்குப் போயிருப்பான்" என்றார் அவர். நடுவர் தம் சீட்டில் எழுதியிருந்ததும் நீர் சீராகப் பாயவில்லை என்பதே. அந்த அம்மாள் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவராக எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தட்டைப் படிக்க ஆங்கிலம் தேவைப்படவும் இல்லை.

மேம்போக்கான ரசனை எது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. முதலாவது, பருமனை வியப்பது. இங்கிருந்து வளைகுடாவையும் மலையையும் தாண்டினால் ஹாஃப் மூன் பேயில் அக்டோபர்தோறும் பூசணி நிறுக்கும் போட்டி நடக்கும். 2023இல் அங்கே 2,749 பவுண்டுப் பூசணி ஒன்று அப்போதைய உலக சாதனையை எட்டியது. பிரமாதம்தான், ஆனால் அது தராசின் கலை. ஒன்றைப் பெரிதாக்குவதைவிட ஐந்தை ஒத்ததாக்குவது கஷ்டம். செடியில் காய்த்த இருபதில் எந்தப் பதினைந்தை விடுவது என்று தெரிந்தவன்தான் ஐந்தைத் தட்டில் வைக்கிறான். இரண்டாவது, பழைய நாட்டு ரகம் என்ற பெயர் ஒன்றுக்காகவே கோணல்மாணலான தக்காளியைத் தலையில் வைத்துக் கொண்டாடுவது. ரகத்தின் வடிவம் வேறு, வளர்ப்பின் விகாரம் வேறு. இரண்டையும் குழப்புவது இப்போது நாகரிகமாகிவிட்டது. மூன்றாவது, பொம்மை டைனோசரின் முதுகில் மூன்று சதைப்பற்றுச் செடிகளைச் செருகி வைத்ததன் முன்னே கூட்டம் கூடிப் படம் பிடிப்பது. அந்தச் செடி அந்தத் தொட்டியில் எத்தனை நாளாக வேர் ஊன்றியிருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான்காவது வகையினரை நான் எழுதவே கூசுகிறேன்: கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி கூடுமே என்று, தாமே வளர்த்துத் தாமே பறித்துத் தாமே அடுக்கிப் பிள்ளையின் பெயரைச் சீட்டில் எழுதுகிற தகப்பனார்கள். அவர்களுடைய தட்டில் வைப்புக் குறை இராது, பிள்ளையும் இராது.

'ஃபோர் எச்'சில் ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளைப் போட்டியிலேயே சேர்ப்பதில்லை. பங்குகொண்டதற்கு ஒரு ரிப்பன் கொடுத்து மகிழ்வித்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் குழந்தைகளின் மேஜை இருந்தால் கட்டாயம் பாருங்கள். இதை உங்களிடம் தனியாகச் சொல்கிறேன்: ரிப்பன்களில் நெஞ்சைப் பறிகொடுக்காத நாட்களில் நான் நெடுநேரம் நிற்பது அங்கேதான். வளைந்த காரட்டை ஒரு கையெழுத்துச் சீட்டோடு நீட்டுகிற அந்த வயதில் விளைவும் தெரியாது, வைப்பும் தெரியாது. என் பேதம் முழுவதும் அங்கே செல்லாக்காசு.

அந்தரங்கமாக இன்னொன்றும் சொல்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே ஏன் அரிதாகத் தென்படுகிறார்கள்? நடனமும் கணக்கும் எழுத்துக்கூட்டலும் வாரத்தின் ஏழு நாளையும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன என்பீர்கள். ஆனால் உங்கள் வீட்டுக் கொல்லையில் கீரையும் மிளகாயும் வளர்ந்துகொண்டுதானே இருக்கின்றன? வெண்டைக்கு ஜூனுக்குள் போதிய வெப்பம் கிடைப்பது துர்லபம். அதைக் கண்காட்சிக்கு நம்ப வேண்டாம். பூண்டும் வெங்காயமும் பீன்ஸும் நம்பத்தக்கவை. தொட்டியில் பெருமையோடு வளர்த்த கறிவேப்பிலையைத் தூக்கிக்கொண்டு புறப்படுமுன் மட்டும் கவுன்டி வேளாண் அலுவலகத்தைக் கேளுங்கள். நாரத்தை, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் தங்கும் என்பதால், அதை இடம் மாற்றுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. விதிப் புத்தகத்தை வாரங்கள் பல முன்பே வாங்கிப் படியுங்கள். எத்தனை காய், காம்பு வேண்டுமா வேண்டாமா, தொட்டிச் செடி எத்தனை நாள் பிள்ளையின் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் பிள்ளைகள் முதல் ஆண்டு தோற்பது பெரும்பாலும் மண்ணால் அன்று. அந்தப் புத்தகத்தைப் படிக்காமையால்தான்.

வரும் ஜூனில் ராட்டினம் ஏறுவதற்கு முன் சிவப்பு ரிப்பன் கட்டிய மூன்று தட்டுகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குறையைக் கண்டுபிடித்து, அது பாத்தியில் பிறந்ததா கையில் பிறந்ததா என்று உங்களுக்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டு, பிறகு நடுவரின் சீட்டைப் படியுங்கள். மூன்றில் ஒன்று சரியாக வந்தாலும் நீங்கள் தேறிவிட்டீர்கள். அதைச் செய்யாமல் வந்து அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் இனிப் பேசுவதாக இல்லை. அவர்கள் பன்றிப் பந்தயத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.