விழுக்காட்டுப் பட்டை வரைபடமும் திணைப் பகுப்பும்

பாடல் தொகை வேறுபடும் அகநூல்களின் திணைப் பங்கீட்டை ஒப்பிட, ஒவ்வொரு நூலையும் 100 விழுக்காடாக்கிச் சமநீளப் பட்டைகளாக வரைதல் பயனுடையது. கடவுள் வாழ்த்து நீங்க, அகநானூற்றின் 400 பாடல்களுள் பாலை 200. கலித்தொகையின் 149 பாடல்களுள் 35. முன்னது 50 விழுக்காடு, பின்னது ஏறத்தாழ 23.5 என்பதைப் பட்டைகள் தெளிவுறக் காட்டும். ஆயின், அகநானூற்றுக் குறிஞ்சிப் பாடல்கள் 80, ஐங்குறுநூற்றில் 100. இரண்டும் 20 விழுக்காடே ஆதலின், எண்ணிக்கை வேறுபாடு மறைகிறது. பட்டையருகே மொத்தத்தைக் குறித்தால் இக்குறை நீங்கும்.

வேறொரு குறை அவ்வாறு நீங்காது. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் யாவும் பாலை. ஐங்குறுநூற்றில் திணைதோறும் நூறு. இவை நூலமைப்பிற்கென முன்வகுத்த அளவுகள். இவற்றைப் புலவர்தம் விருப்பமாகவோ காலத்தின் சுவையாகவோ கொள்வதற்கு வரைபடம் சான்றாகாது. எனவே, பங்கைக் கணிக்குமுன் தொகுப்பு நெறியை ஆராய்தல் இன்றியமையாதது.