தாழ்ந்த அலமாரி

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டதன் பயனாக, சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியைக் கொண்டு இயங்கும் தமிழ்நாட்டுக் கிளை நூலகங்களில், சிறுவர் பகுதி பரப்பில் ஒரு மூலையே ஆயினும், அதன் அமைப்பு ஊன்றிப் பார்க்கத்தக்கது. குழந்தை எவரையும் கேளாமல் எட்டி எடுக்கும் உயரத்தில் அலமாரி அமைவதும், படநூல்கள் முதுகு காட்டி அடுக்கப்படாமல் அட்டை தெரியச் சாய்த்து வைக்கப்படுவதும் வெறும் அலங்காரம் அல்ல. எழுத்துக் கூட்டத் தெரியாத பருவத்தில் அட்டைப்படமே நூலின் பெயராகிவிடுகிறது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் வலியுறுத்திய திறந்த அலமாரி முறை, அதாவது வாசகரே நூல்களிடையே உலவித் தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு, பெரியவர்களைவிடச் சிறுவர்களுக்கே கூடுதலாகப் பொருந்துகிறது என்று கூடச் சொல்லலாம்.

கோடை விடுமுறையில் நடக்கும் கதைசொல்லல், ஓவியம், சதுரங்கம் ஆகியவையும், நூலகத்தைச் சார்ந்து தன்னார்வத்துடன் கூடும் வாசகர் வட்டம் நடத்தும் நூல் அறிமுகங்களும் இம்மூலைக்குக் கலகலப்பூட்டுகின்றன. ஆயினும் நிகழ்ச்சிகளின் பயனை அளக்க வருகைப் பதிவேட்டைவிட, நூலினுள் ஒட்டப்பட்டு, திருப்பித் தரவேண்டிய நாள் முத்திரையிடப்படும் தவணைத் தாளே நம்பத்தக்கது; கதை சொல்லப்பட்ட வாரத்துக்குப் பின் அந்நூலில் முத்திரைகள் நெருங்கி விழுந்திருந்தால், நிகழ்ச்சி பலித்தது எனக் கொள்ளலாம்.

படநூலைக் கடந்தும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளை எட்டாமலும் நிற்கும் பதின்பருவத்தினருக்கே இன்னும் தனி அடுக்கும், பேச்சுக்குத் தடையில்லாத ஒரு மேசையும் தேவைப்படுகின்றன.