ஹிஜ்ர் மலைகளில் உள்ளவை வீடுகளா, கபுறுகளா?

நம்மவர் வெளியிடும் நாட்காட்டிகளிலும் சிறுவர் பாடநூல்களிலும் அடிக்கடி இடம்பெறும் படம் ஒன்றுண்டு. மணல்வெளியில் தன்னந்தனியாக ஒரு செம்பாறை நிற்கும். அதன் முகத்தில் நான்கு தூண்களும், நடுவே ஒரு வாயிலும், உச்சியில் இருபுறமும் ஏறிச்செல்லும் படிவடிவும் செதுக்கப்பட்டிருக்கும். படத்தின் அடியில், மலையைக் குடைந்து ஸமூது கூட்டத்தார் அமைத்த வீடு என்ற பொருளில் ஒரு வரி தவறாமல் காணப்படும்.

யானும் இப்படத்தை என் வகுப்பறைச் சுவரில் பல்லாண்டுகள் மாட்டி வைத்திருந்தவன். நபி ஸாலிஹ் (அலை) அவர்களின் வரலாற்றை நடத்தும் போதெல்லாம் பிரம்பின் நுனியால் அதனைத் தொட்டுக் காட்டுவது வழக்கம். ஒருநாள் கடைசி வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், இது வீடு என்றால் சன்னல் எங்கே?" என்று கேட்டான். பாடத்தைக் கவனி என்று அதட்டி உட்கார வைத்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. கேட்டவன் கேட்டது நியாயமான கேள்வி. அதட்டியவனிடம் விடை இல்லை என்பதே உண்மை.

அப்படத்தில் உள்ள இடம் அரபு நாட்டின் வடமேற்கே, அல்உலா நகருக்கு வடக்கே உள்ள அல்ஹிஜ்ர். மதாயின் ஸாலிஹ் என்றும் வழங்குவர். மாவீரர்கள் கட்டிய கோட்டை அன்று. காற்றும் மழையும் எண்ணற்ற யுகங்களாக அரித்து விட்டுச் சென்ற மணற்பாறைக் குன்றுகள் சமவெளியெங்கும் சிதறிக் கிடக்கும் நிலப்பரப்பு அது. அப்பாறைகளின் முகத்தில் பெரியனவாகச் செதுக்கப்பட்டவை 111. அவற்றுள் முகப்பு அலங்காரம் உடையவை 94. 2008ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. சவூதி அரபு நாட்டிலிருந்து அப்பட்டியலில் முதலில் சேர்ந்த இடம் இதுவே.

இவற்றை ஸமூதின் வீடுகள் எனக் கொள்வது இன்று நேற்றுத் தோன்றிய கருத்தன்று. 1326ஆம் ஆண்டில் ஹஜ்ஜுக்குச் சென்ற கூட்டத்தோடு இவ்வழியே கடந்தவர் இப்னு பதூதா. பின்னர் நம் மஅபர்க் கரையிலும் இறங்கி, மதுரை சுல்தானின் விருந்தினராக இருந்தவர். ஆகவே நமக்கு அந்நியர் அல்லர். செந்நிற மலைகளில் குடையப்பட்ட அவ்விடங்களையும் அவற்றின் வாயிற்படிகளின் வேலைப்பாட்டையும் அவர் வியந்து கூறுகிறார். கூறிவிட்டு, அவற்றினுள்ளே மட்கிய எலும்புகள் கிடப்பதையும் சொல்கிறார். அவை அழிக்கப்பட்ட ஸமூதின் எலும்புகள் என்பது அவர் கொண்ட பொருள். அவருடைய கண் பொய் சொல்லவில்லை. எலும்பு இருந்தது உண்மை. வீட்டுக்குள் எலும்பு இருந்தால் அது தண்டிக்கப்பட்டவரின் எலும்பு. கபுறுக்குள் எலும்பு இருந்தால் அது அடக்கம் செய்யப்பட்டவரின் எலும்பு. இவ்விரண்டில் எது என்று அவர் ஐயுறவில்லை. ஐயுறுவதற்கு உதவியாக வாயிலின் மேல் எழுத்து இருந்தது. ஆயினும் அதனைப் படிக்கத் தெரிந்தவர் அக்காலத்தில் எவரும் இலர்.

அவ்வெழுத்து படிக்கப்பட்ட வரலாறு சுவையானது. 1876இல் திமிஷ்கிலிருந்து புறப்பட்ட ஹஜ் கூட்டத்துடன் டௌட்டி என்னும் ஆங்கிலேயர் ஹிஜ்ருக்கு வந்து தங்கினார். ஈரத்தாளைக் கல்லின்மேல் அழுத்திப் படியெடுத்தார். அப்படிகள் 1884இல் பாரிஸ் நகரில் அச்சேறின. பின் ஹிஜாஸ் இரயில் பாதை அவ்விடத்தை எட்டிய 1907ஆம் ஆண்டு முதல், ஜோசன், சவிஞாக் என்ற இரு பாதிரிமார் ஒவ்வொரு முகப்பையும் அளந்து, கல்வெட்டுகளைத் தொகுத்தனர். எழுத்து நபத்திய எழுத்து. மொழி ஆரமிய மொழி. எழுதியவர்கள், பெத்ராவைத் தலைநகராகக் கொண்டு நறுமணப் பொருள் வணிகத்தால் செழித்த நபத்தியர்; அரபு நூல்கள் அன்பாத் எனக் குறிப்பிடும் மக்கள்.

முப்பதுக்கும் மேற்பட்ட முகப்புகளில் உள்ள இக்கல்வெட்டுகள் சொல்லும் செய்தி ஏறத்தாழ ஒன்றே. இது இன்னாருடைய கபுறு. இதில் அடக்கம் பெற உரிமையுடையோர் இன்னின்னார். இதனை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. மீறுவோர் இவ்வளவு காசு தண்டம் கட்டுக. இன்ன மன்னனின் இத்தனையாவது ஆண்டு, இன்ன மாதம். வக்ஃபுப் பத்திரம் எழுதிப் பழகிய நம் ஊர்க் காஜிமார் இவற்றைப் படித்தால் நடையை உடனே அடையாளம் கண்டுகொள்வர். ஈற்றில் சாபமும் உண்டு. கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தைச் சுமத்தி முடியும் நம் தமிழ்க் கல்வெட்டுகளை அது நினைவூட்டும். ஆனால் சாபமிட அங்கே அழைக்கப்படுவன துஷரா, லாத், மனாத் ஆகிய தெய்வங்கள். பின்னவை இரண்டும் திருமறையைப் படித்தோர்க்குப் பழகிய பெயர்களே.

இவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது கம்கம் என்னும் பெண்ணின் கல்வெட்டு. ஹராமுவின் மகள் வாயிலா, வாயிலாவின் மகள் கம்கம், கம்கமின் மகள் குலைபா எனப் பெண்வழியாகவே வமிசம் சொல்லப்படுகிறது. தாயும் மகளும் தமக்கும் தம் சந்ததிக்குமாக அக்கபுறை அமைத்துள்ளனர். மன்னன் நான்காம் ஹாரிஸாவின் ஒன்பதாம் ஆண்டு, கி.மு. 1ஐ ஒட்டிய காலம். பெண் மக்களை உயிரோடு புதைத்த ஜாஹிலிய்யாக் காலம் என்று நாம் ஒரே வண்ணத்தில் தீட்டிவிடும் அரபு நாட்டில், தம் பெயரில் சொத்தும் கபுறும் வைத்திருந்த பெண்கள் இப்படிப் பலர் இருந்துள்ளனர். கல்தச்சனும் தன் பெயரை விட்டுச் சென்றிருக்கிறான். வஹ்பல்லாஹி என்பது அவன் பெயர். லாத்தின் பெயரால் சாபமிட்ட கல்லிலேயே, அல்லாஹ்வின் கொடை என்று பொருள்படும் பெயருடைய ஒருவன் உளியைக் கீழே வைத்திருக்கிறான்.

வகுப்பறைக் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஆண்டு குறித்த கல்வெட்டுகள் அனைத்தும் கி.மு. 1 முதல் கி.பி. 75 வரையிலான காலத்துக்குரியவை. ஈஸா (அலை) அவர்களின் காலத்தை ஒட்டியவை. ஸமூதோ அதற்கு மிக முற்பட்ட கூட்டம். இதற்கு வெளிச்சான்று வேண்டுவதில்லை. ஃபிர்அவ்னின் அவையில் எழுந்து மூஸா (அலை) அவர்களுக்காகப் பரிந்து பேசிய இறைநம்பிக்கையாளர், முன்னர் அழிந்தோருக்கு உதாரணமாக நூஹின் மக்களையும் ஆதையும் ஸமூதையும் எடுத்துக்காட்டியதாகத் திருமறையே உரைக்கிறது. அங்ஙனமாயின் மூஸாவுக்கும் முன்னரே அழிந்த கூட்டத்தார், ஈஸாவின் காலத்துத் தேதியிட்டு வாயிலில் எழுதியது எவ்வாறு? இந்தப் படத்தை ஸமூதின் வீடு என்பவர் தொல்லியலோடு மட்டும் முரண்படவில்லை. தாம் ஓதும் வேதத்தின் கால வரிசையோடும் முரண்படுகின்றனர்.

உள்ளே சென்று பார்த்தாலும் இதுவே தெளிவாகும். வெளியே அத்தனை அலங்காரம், உள்ளே வெறுஞ்சுவர். சுவரில் ஆள் நீளத்துக்குக் குடைந்த மாடங்கள். அடுப்பில்லை, சாளரமில்லை. அம்மக்கள் குடியிருந்த ஊர், மதில் சூழ்ந்து, வெயிலில் உலர்த்திய செங்கல்லால் கட்டப்பட்டுச் சமவெளியின் நடுவே தனியே இருந்தது. பிரெஞ்சு, சவூதி அறிஞர்கள் கூடி அண்மை ஆண்டுகளில் அகழ்ந்தபோது, வஹ்புவின் மகள் ஹினாத் என்பாள் கி.பி. 60ஐ ஒட்டி அமைத்த கபுறில் எலும்புகளோடு துணியும் தோலும் கிடைத்தன. அவ்வெலும்புகளுள் ஒரு பெண்ணின் மண்டையோட்டை அளந்து, அவள் முகம் எவ்வாறு இருந்திருக்கும் என்று உருவாக்கி 2023இல் காட்சிக்கு வைத்தனர். மையித்தின் முகத்தைக் காட்சிப் பொருளாக்குவது எனக்கு உவப்பானதன்று; அது வேறு விவாதம்.

ஒரு சாரார் மறுகோடிக்குச் சென்று, முகப்புகள் நபத்தியருடையவை என்றால் ஸமூதின் வரலாறே கட்டுக்கதை என்று கைகொட்டுவர். அதுவும் அவசரமே. ஸமூது என்ற பெயர் அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் கி.மு. 715ஐ ஒட்டிய ஆவணத்தில் வருகிறது. கி.பி. 160களில் ருவாஃபா என்னுமிடத்தில் கிரேக்கத்திலும் நபத்தியத்திலும் பொறித்த கல்வெட்டிலும் வருகிறது. மலைகளில் வீடு குடைந்தனர் எனத் திருமறை கூறும். இன்ன பாறையில் உள்ள இன்ன முகப்பு என்று அது கூறவில்லை. சுட்டுவிரல் நீட்டியது பிற்காலத்து வழிப்போக்கர். தபூக் பயணத்தின்போது, ஹிஜ்ரி 9இல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்விடத்தை அழுதவாறே கடக்கச் சொன்னதும், அங்குள்ள கிணற்று நீரில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போட்டுவிடச் செய்ததும் புகாரியில் பதிவாகியுள்ளன. அந்நிலத்துக்குரிய எச்சரிக்கை அது. கம்கமும் ஹினாத்தும் அமைத்த கல்வேலைக்கு வயது குறிக்கும் சான்றாக அதனை ஆக்குவது ஹதீஸுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஸமூதிய எழுத்து என்ற பெயரைக் கண்டு மயங்குவோரும் உளர். பாலைப் பாறைகளில் கிறுக்கிய பலவகைப் பழைய எழுத்துகளுக்கு ஆய்வாளர் வசதிக்காக இட்ட பொதுப்பெயர் அது. ஸமூதின் கையெழுத்து என்பது அதன் பொருளன்று.

அரபு படித்தவன் என்ற முறையில் நான் நின்று நெகிழ்ந்தது முகப்பே இல்லாத ஒரு கல்வெட்டின் முன். ரோமர் அந்நாட்டை 106இல் கைப்பற்றிய ஆண்டிலிருந்து எண்ணி 162ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 267. ஹாரிஸாவின் மகன் கஅப், அப்து மனாத்தின் மகளாகிய தன் தாய் ரகாஷுக்கு அமைத்த கபுறைப் பற்றியது. எழுத்து நபத்தியம், மொழியோ பெரும்பாலும் அரபு. கப்ர், ஸனஅ, உம்மு, ஹலகத் என நம் மத்ரஸாவின் முதலாண்டு மாணவனும் பொருள் சொல்லத்தக்க சொற்கள் ஆரமியத்துக்கு இடையே தலைகாட்டுகின்றன. சாபமும் இங்கே துஷராவின் பெயரால் அன்று. உலகின் அதிபதி என்ற பெயரால். அரபியின் 28 ஒலிகளை 22 எழுத்துக்குள் அடக்க வேண்டி, ஓரெழுத்தே இரண்டொலிக்கு நிற்கிறது. தமிழின் ஒலிகளுக்காக அரபு எழுத்துக்குப் புள்ளி கூட்டி அரபுத் தமிழ் எழுதிய நம் முன்னோரின் இடர்ப்பாடு அக்கல்தச்சனுக்கும் இருந்திருக்கிறது.

கலை என்ற நோக்கில் இம்முகப்புகளைக் கிரேக்கப் போலி என்று ஒதுக்கும் திறனாய்வாளரை என்னால் ஏற்க முடியவில்லை. உச்சியில் உள்ள படிவடிவு அசீரியர் வழியது. அதன்கீழ் வளைந்த விளிம்பு எகிப்தியர் வழியது. வாயிலின் மேலுள்ள முக்கோணம் கிரேக்கம். அவர்கள் இரவல் வாங்கியது மெய். ஆயினும் தூணின் தலையில் கிரேக்கர் சுருள்சுருளாக இலை செதுக்குமிடத்தில், நபத்தியன் இருபுறமும் கொம்புபோல் நீண்ட மொட்டைக் கல்லை விட்டுவைத்தான். பாலை வெயிலில் அந்த வெறுமையே நிழலைக் கூராக்கிக் காட்டுகிறது. கீழக்கரையிலும் காயலிலும் கோயில் தச்சரின் தூண்களை வாங்கி, அவற்றில் உருவங்களை மட்டும் ஒழித்துப் பள்ளிவாசல் எழுப்பிய நமக்கு இக்கலை புரியாமற்போக வழியில்லை. உமறுப்புலவர் அரபு நாட்டைப் பாடப்புகுந்து தமிழ்க் காப்பிய நாட்டு வளத்தைப் பாடினார். அதனைப் போலி என்போமா? கழுகுகளும் பாம்பணிந்த முகங்களும் வாயில்களின்மேல் உள்ளமை நமக்கு உவப்பில்லை எனினும், கை தேர்ந்த கை என்பதை மறுக்கலாகாது. கழுகுகளின் தலைகள் உடைந்து கிடக்கின்றன.

படத்தில் உள்ள தனிப்பாறைக்கு வருவோம். கஸ்ருல் ஃபரீத், தனிமாளிகை, என்பது அதன் பெயர். 20 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். கூர்ந்து பார்த்தால் மேற்பகுதி மட்டுமே இழைக்கப்பட்டு, தூண்களின் அடிப்பாகம் கரடாகவே நிற்பது தெரியும். மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே செதுக்கும் முறை அது. இறங்கி வந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டனர். ஏன் நிறுத்தினர் என்று கல் சொல்லவில்லை. ஆயினும் உரியவன் பெயரை முன்னதாகவே பொறித்துவிட்டனர்: லிஹ்யான் பின் கூஸா.

படத்தை நான் கழற்றவில்லை. அடியில் இருந்த வரியை மட்டும் கத்தரித்துவிட்டு, லிஹ்யான் பின் கூஸாவின் முற்றுப்பெறாத கபுறு என்று எழுதி ஒட்டினேன். அடுத்த ஆண்டு ஸாலிஹ் நபியின் பாடம் வந்தபோது, வேறொரு சிறுவன் எழுந்து, "அப்படியானால் ஸமூதின் வீடுகள் எங்கே, ஹஜ்ரத்?" என்றான். இம்முறை யான் அதட்டவில்லை. இம்மலைகளில் உள்ள எழுத்துகளில் அதற்கு விடை இல்லை என்று சொன்னேன்.