காலி லாரியில் உட்கார்ந்திருக்கும் கிளீனர்

2020 நவம்பரில் மினாமி, கொமட்சு இருவரும் வெளியிட்ட கட்டுரையை மூணாவது தடவையா படிச்சு முடிச்சேன். அண்ட நுண்ணலைப் பின்னணி ஒளி நம்மிடம் வந்து சேர்வதற்குள் அதன் முனைவாக்கத் தளம் 0.35 டிகிரி திரும்பியிருக்கிறது, பிழை ±0.14 என்கிறார்கள். பிளாங்க் செயற்கைக்கோளின் தரவு. நிஜமென்றால் பெரிய விஷயம்: இடம்-வலம் பேதம் பார்க்கிற ஏதோ ஒன்று அண்டவெளி முழுக்க இருந்தாகணும்.

சிக்கல் என்னன்னா, டிடெக்டரைக் கொஞ்சம் கோணலா பொருத்தியிருந்தாலும் தரவில் இப்படியேதான் தெரியும். பிளாங்கின் கோணங்களைத் தரையில் அளந்தபோது இருந்த ஐயமே 0.28 டிகிரி. தேடுகிற சரக்கின் அளவுக்குக் கிட்டத்தட்ட தராசின் பிழை.

அவர்கள் கண்ட வழியைத் திருவொற்றியூர்க்காரனுக்குப் புதுசா சொல்லித்தர வேண்டாம். கன்டெய்னர் லாரி வேபிரிட்ஜில் சரக்கோடு ஒரு தடவை ஏறும், காலியா ஒரு தடவை ஏறும். மேடை எப்பவும் 50 கிலோ கூடக் காட்டினாலும், கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும். இங்கே காலி லாரி, நம் பால்வீதியின் தூசு. தூசின் ஒளி பக்கத்திலிருந்து வருகிறது, திரும்ப அதற்குத் தூரம் போதாது. எனவே அதில் தெரியும் கோணல் கருவியுடையது. பின்னணி ஒளியிலோ கருவியின் கோணலும் அண்டத்தின் திருப்பமும் சேர்ந்திருக்கும். கழித்தால் திருப்பம் மட்டும் மிஞ்சும்.

அபாரமான யோசனைதான். ஆனால் காலி எடை போடும்போது கிளீனர் உள்ளேயே உட்கார்ந்திருந்தால்? தூசுத் துகள்கள் காந்தப்புலத்தோடு வரிசைப்படும் விதத்தில் தூசுக்கே சொந்தமாக ஒரு கோணல் இருக்கலாம். கட்டுரை இதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ±0.14-க்குள் இது அடங்கவில்லை என்பதுதான் என் குறை. எண் ஊரெல்லாம் சுற்றும், அடிக்குறிப்பு கூடவே போகாது.

2022-ல் இதே இருவரும் சேர்ந்திருந்த பெரிய குழு மறுபடி அளந்து 0.30 ± 0.11 என்றது. பால்வீதியை அதிகமாக மறைக்க மறைக்க அந்த எண் குறைந்துகொண்டே போனது. எல்லாத் திசையிலும் ஒரே திருப்பம் என்றால், எங்கே மறைத்தால் அதற்கென்ன? தூசைச் சரியாகப் புரிந்துகொள்ளும்வரை இதற்கு அண்டவியல் அர்த்தம் கொடுக்க மாட்டோம் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். எனக்கு முதல் கட்டுரையைவிட இந்த ஒரு வரி பிடித்தது.

இன்னொரு வழியும் உண்டு, நம்ம கொடைக்கானலில் பார்த்த வழி. அங்குள்ள சூரியக் கோபுரத் தொலைநோக்கியில் மூன்று கண்ணாடிகள் சாய்வாக ஒளியைத் திருப்பி 60 மீட்டர் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. சூரியன் நகர நகர சாய்வு மாறும், கண்ணாடிகள் தாமாகச் சேர்க்கும் முனைவாக்கமும் மாறும். 1985-ல் பாலசுப்ரமணியம், வெங்கடகிருஷ்ணன், பட்டாச்சார்யா மூவரும் அதைக் கண்ணாடிகளின் இயற்பியலிலிருந்தே கணித்து எழுதினார்கள். எடை மேடையையே பிரித்துப் பார்ப்பது மாதிரி.

2025-ல் சிலியின் அட்டகாமா தொலைநோக்கிக் குழு செய்ததும் ஏறக்குறைய இதுதான். தூசைத் துணைக்குக் கூப்பிடாமல், ஒளியியல் மாதிரியிலிருந்தே கருவியின் கோணத்தை எடுத்துக்கொண்டார்கள். விடை 0.20 ± 0.08. எண் சின்னதாகியிருக்கிறது, பூஜ்யமாகிவிடவில்லை. கிளீனர் இல்லை, சரி. மேடையின் வரைபடம் எவ்வளவு துல்லியம்? அடுத்து அந்த ஒளியியல் கட்டுரையைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.