1894 கஞ்சா கமிஷன் அறிக்கை: அதிகம் பேசப்படாத அத்தியாயம்

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று இணையத்தில் எங்கே சண்டை நடந்தாலும், கொஞ்ச நேரத்தில் யாராவது 1894-ஐ இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். "பிரிட்டிஷ்காரனே ஆராய்ச்சி பண்ணி, ஒண்ணும் கெடுதல் இல்லைன்னு சொல்லிட்டான் சார்." அவர் சொல்வது இந்தியன் ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன் அறிக்கையை. ஏழு தொகுதிகள், மூவாயிரத்துக்கும் மேல் பக்கங்கள். மேற்கோள் காட்டுகிறவர்கள் முடிவுரையில் இரண்டு வாக்கியத்தைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லை. எதிர்த்தரப்போ "காலனி அரசு வரி வசூலுக்காக எழுதிக்கிட்டது" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறது. அறிக்கையின் உருப்படியான பகுதியை இரண்டு தரப்பும் தவறவிடுகிறது என்பதுதான் என் விமர்சனம்.

முதலில் பின்னணி. 1893 மார்ச்சில், மதுவிலக்குக்காரரான டபிள்யூ. எஸ். கெய்ன் என்ற எம்.பி. வங்காளத்தின் கஞ்சா வியாபாரம் பற்றி பிரிட்டிஷ் பார்லிமென்டில் கேள்வி எழுப்பினார். விசாரணை வங்காளத்தோடு நிற்காமல் இந்தியா முழுக்க விரிந்தது. தலைவர் மாக்வொர்த் யங். உறுப்பினர்களில் மூன்று பேர் இந்தியர்கள். பர்மா வரை சுற்றி, ஏறத்தாழ 1,200 சாட்சிகளிடம் கருத்துக் கேட்டார்கள். அன்றைக்குப் பூவிலிருந்து வரும் கஞ்சா, இலையிலிருந்து வரும் பாங்கு, பிசினிலிருந்து வரும் சரஸ் மூன்றுமே லைசென்ஸ் கடைகளில் விற்ற சரக்குகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த அத்தியாயத்துக்கு வருவோம். கஞ்சா அடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பது அன்றைய டாக்டர்கள், நீதிபதிகள், அதிகாரிகள் பலருடைய நம்பிக்கை. அதற்கு ஆதாரம், பைத்தியக்கார ஆஸ்பத்திரிகள் ஆண்டுதோறும் வெளியிட்ட புள்ளிவிவரம். அச்சில் வந்த எண், அரசு முத்திரையோடு. அதற்கு மேல் என்ன வேண்டும்?

கமிஷன் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கி நடந்துபோனது. ஒவ்வொரு நோயாளியோடும் ஒரு விவரப் படிவம் ஆஸ்பத்திரிக்கு வரும். அதில் 'நோய்க்கான காரணம்' என்று ஒரு கட்டம். அந்தத் தகவல் பெரும்பாலும் டாக்டரிடமிருந்து வரவில்லை, போலீஸ்காரரிடமிருந்து வந்தது. தெருவில் அலைந்து பிடிபட்ட ஆளுக்குக் குடும்பம் யார், எப்போது நோய் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். 'கஞ்சா' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஆஸ்பத்திரி அதை ரிஜிஸ்தரில் ஏற்றும். ரிஜிஸ்தர் ஆண்டறிக்கையாகும். ஆண்டறிக்கை பொது நம்பிக்கையாகும். அடுத்த நோயாளியைக் கூட்டி வருகிற போலீஸ்காரர் அந்த நம்பிக்கையோடுதான் வருகிறார்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய வியாதி. படிவத்தில் ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்கினால் எல்லோரும் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஆறு மாதம் கழித்து அதை வைத்தே ஒருவர் கிராஃப் போட்டு மீட்டிங்கில் காட்டுவார்.

1892-இல் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 1,344 பேரில், கஞ்சா வகையறாதான் காரணம் என்று பதிவானவர்கள் 222 பேர். கமிஷன் இந்த 222 பேரையும் ஒவ்வொருவராகத் திரும்ப விசாரித்தது. மிஞ்சியது 98. அதிலும் வேறு காரணம் எதுவும் கலக்காதவை 61 மட்டுமே. பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. அந்த 98-ம் பூஜ்யம் இல்லை என்பதைச் சட்டபூர்வமாக்கச் சொல்கிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அளவுக்கு மீறிய பயன்பாடு உடம்பையும் மனசையும் கெடுக்கும் என்று அறிக்கையே சொல்கிறது.

இவ்வளவு கறாராக ஒரு அத்தியாயம் எழுதியவர்கள் மற்ற இடங்களில் சறுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் மேற்கோள் காட்டுகிற முடிவு 'மிதமான பயன்பாட்டால் பெரிய கேடு இல்லை' என்பது. மிதம் என்றால் எவ்வளவு? எல்லோருக்கும் பொருந்துகிற அளவு எதுவும் அறிக்கையில் இல்லை. பாதிக்கப்பட்டவர் அளவு மீறியவர், பாதிக்கப்படாதவர் மிதமானவர் என்று எடுத்துக்கொண்டால் அந்த வாக்கியம் ஒருநாளும் பொய்யாகாது. சாட்சிகளில் பெரும்பகுதி அதிகாரிகள், டாக்டர்கள், நிலக்காரர்கள். புகைத்தவர்களைப் பற்றி மற்றவர்கள் சொன்னதுதான் அதிகம். தடை வேண்டாம், லைசென்ஸும் வரியும் போதும் என்ற பரிந்துரை அரசு ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததோடு கச்சிதமாகப் பொருந்தியது. இந்திய உறுப்பினர்களில் இருவர் தனியாக மாற்றுக்கருத்து எழுதி வைத்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆக, இந்த அறிக்கையின் முடிவைவிட அது சோதித்துப் பார்த்த முறைதான் இன்றைக்கும் உதவும். அதே சோதனையை இன்றைய சட்டத்தின் மேல் வைத்துப் பார்ப்போம்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கான மசோதா 1985 ஆகஸ்டில் வந்து, செப்டம்பரிலேயே குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. இலையும் விதையும் 'கஞ்சா' என்ற வரையறைக்கு வெளியே நின்றதால், வட மாநிலங்கள் சிலவற்றில் பாங்கு கடை தப்பித்தது. 2001 திருத்தத்துக்குப் பிறகு தண்டனையைத் தீர்மானிப்பது எடை. கஞ்சா என்றால் 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். இடைப்பட்ட அளவுக்கு அதிகபட்சம் 10 ஆண்டு. வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு, ஜாமீனும் சுலபத்தில் கிடைக்காது.

அந்த எடை எதனுடைய எடை? கலப்படப் பொடியையும் சேர்த்த மொத்த எடைதான் என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தெருவில் விற்பது கலவையாகத்தான், ஆபத்தும் அதில்தான் என்பது அதன் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிராம் சுத்தமான ஹெராயின் வைத்திருக்கிற மொத்த வியாபாரிக்கு அதிகபட்சம் 10 ஆண்டு. 5 கிராம் ஹெராயினை 255 கிராம் மாவில் கலந்து வைத்திருக்கிற சில்லறை ஆளுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு. யார் பெரிய குற்றவாளி என்பதை அளக்கத்தான் இந்த எடைக் கட்டம். இந்த உதாரணத்தில் அது ஆளைத் தலைகீழாகக் காட்டுகிறது.

இன்னொரு கட்டத்தை நம் ஊர்ப் பேப்பர்களில் தினம் பார்க்கிறோம். 'கஞ்சா போதையில்' என்று ஆரம்பிக்கிற செய்திகள். ரத்தப் பரிசோதனை நடந்ததா? டாக்டர் சொன்னாரா? ஸ்டேஷனில் சொன்னதை நிருபர் எழுதிக்கொண்டாரா? பல செய்திகளில் அந்தத் தகவலே இருக்காது. உண்மையில் குடியோ, வைத்தியம் கிடைக்காத மனநோயோ, பழைய பகையோ காரணமாக இருந்தால், தவறான கட்டத்தை நிரப்பிவிட்டு நாம் தவறான இடத்தில் மருந்து தடவிக்கொண்டிருக்கிறோம். உண்மையாகவே கஞ்சாவால் கெட்டவருக்கும் இதனால் நஷ்டம்தான். அவருடைய பாதிப்பும் அந்தக் குவியலுக்குள் காணாமல் போய்விடுகிறது.

அறிக்கை முழுதும் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏழு தொகுதிகளையும் படிக்கச் சொல்லவில்லை. அடுத்த முறை யாராவது 1894-ஐ இழுத்தால், மனநோய் பற்றிய அத்தியாயத்தைப் படித்தீர்களா என்று மட்டும் கேளுங்கள்.